மருமகள் கேட்ட மூன்று கேள்வி

செஞ்சா தீவு,
நோர்வே.
தை மாதக் கடைசி.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நல்ல சுகம். நீங்களும் அக்காவும் அத்தானும் தங்கச்சி சின்னவளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மண்டூர் முருகனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் பொங்கல் கழிந்து கைக்கு வந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல அக்காவின் மகள், என் மருமகள்தான் எழுதியிருக்கிறா என்று எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அவ தன்பாட்டில் மூன்று கேள்வி போட்டிருக்கிறா. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்கி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். மாமா வேலை செய்கிற இடத்தில் என்னென்ன சத்தம் கேட்கும்? மாமாவுக்குப் பிடித்த விளையாட்டு எது? காசும் லீவும் கிடைத்தால் எந்த நாட்டுக்குப் போவீர்கள்? பிள்ளை கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். போனில் எல்லாம் அவசரமாகப் போய்விடுகிறது, அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீங்கள் கண்ணை வருத்த வேண்டாம், அவ வாசிக்கட்டும்.

முதலில் நீங்கள் கேட்டது. குளிர் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தெற்கிலிருந்து வருகிற சூடான நீரோட்டத்தால் இந்தக் கரையில் கடல் உறைவதே இல்லை, மாரி முழுக்கப் படகு போய்வரும். காற்றுத்தான் பொல்லாதது. இருட்டும் பழகிவிட்டது. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இந்த மாதம்தான் தலை காட்டியது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தோம். சூரியன் வந்ததற்கென்று ஜாம் வைத்த பணிஸ் சுட்டுச் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம், எங்களுக்கும் ஆளுக்கொன்று தந்தார்கள். நீங்கள் முற்றத்தில் பொங்கிய அதே தை மாதத்தில் இவர்களும் சூரியனுக்கென்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

மார்கழியில் மீன் வரத்துக் குறைவு, வேலையும் குறைவு. நல்ல ஓய்வு கிடைத்தது. அந்த நேரத்தில் அறையும் மாறிவிட்டேன். முந்தினதைவிடச் சின்னது, ஆனால் சூடு கெதியாகப் பிடிக்கும், ஒரு ஆளுக்குத் தாராளம். சமையலறை பொது. லித்துவேனியாப் பொடியன்கள் இரண்டு பேர் உருளைக்கிழங்கு அவிப்பார்கள், நான் மற்ற அடுப்பில் சோறு வைப்பேன். போன ஞாயிறு மீன் தலைக்கறி வைத்தேன். இந்த ஊர் மீனின் தசைக்கு ஒரு ருசியும் இல்லை அம்மா, உப்பில்லாத தண்ணீரில் அவித்த மாதிரியே இருக்கும். தலையில்தான் கொஞ்சம் ருசி. நீங்கள் தந்துவிட்ட தூள் இரண்டு கரண்டி, பழப்புளி, ரின்னில் வருகிற தேங்காய்ப்பால். கறிவேப்பிலை மட்டும் இல்லை. பொடியன்கள் முதலில் ஜன்னலைத் திறந்தார்கள், மறுகா ஒருவன் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினான். கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டு முடித்தான். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. மண்சட்டித் தயிரை மட்டும் நினைக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிப் போனில் சொன்னேன்தானே. எண்பது வயது தாண்டிவிட்டது, தனி ஆள். முந்திக் கடலுக்குப் போனவர். இரவு பனி கொட்டினால் விடிய முன்னம் என் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டுப் போய்விடுவார். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவார். ஒரு கடற்காகம் அவருடைய ஜன்னலுக்கு வரும், அதற்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் மீன் துண்டு வைத்து, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் நிற்பார். அதனோடு கதைக்கிற அளவுக்கு மனிசரோடு கதைக்க மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கதவைத் தட்டுவார். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

மகள், இனி உங்கட கேள்வி.

மாமா வேலை செய்கிற மீன் பக்டரியில் உள்ளே போகும்போது காதை மூடும் கவசம் போட வேண்டும், இல்லையென்றால் நாள் போகப் போகக் காது மந்தமாகிவிடும். போட்டாலும் சத்தம் நிற்காது. காதால் வராதது காலால் ஏறும். தலை வெட்டுகிற மெசினுக்கு ஒரு தாளம் இருக்கிறது, டக், டக், டக் என்று. அதில் ஒரு டக் பிந்தினால் மீன் குறுக்கே விழுந்து சிக்கிவிட்டது என்று அர்த்தம். கண் பார்க்க முன்னமே கை சிவப்பு பட்டனுக்குப் போய்விடும். ஐஸ் மேலேயிருந்து குழாய் வழியே கொட்டும்போது, ட்ரக்டர் பெட்டியைத் தூக்கி ஆற்றுமணல் பறிக்கிற அதே சத்தம். ஃபோர்க்லிஃப்ட் பின்னுக்கு வரும்போது கீ கீ என்று கத்தும். வேலை முடிந்து மெசின்கள் ஒவ்வொன்றாக நிற்க, கடைசியில் தண்ணீர் பீச்சித் தரை கழுவுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். எனக்கு அதுதான் பிடித்த சத்தம். அதைக் கேட்டால் வீட்டுக்குப் போகலாம்.

உங்கட வயதுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டதும் இந்தப் பக்கம் வருவார்கள். மீன் தலையை ஒரு இரும்புக் கூரில் குத்தி, கத்தியை ஒரு இழுப்பு இழுத்து நாக்கை எடுப்பார்கள். நாக்கை விற்ற காசு அவர்களுக்கே. சின்னக் கைகள், ஆனால் என்ன வேகம்! தலையும் வீண் போகாது. காய வைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே குழம்பில் போடுவார்களாம். உடலையும் இரண்டு இரண்டாக வாலில் கட்டி, உப்பே போடாமல், மாசியிலிருந்து மரக்கம்புகளில் தொங்கவிடுவார்கள். வெயில் இல்லை, உப்பு இல்லை, குளிர்காற்றிலேயே கருவாடாகிவிடும். துறையடிச் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள், அவர் நம்பவே மாட்டார்.

இன்னொன்று. இந்த கொட் மீனும் சத்தம் போடும். சனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வடக்கே பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இந்தக் கரைக்குக் கூட்டம் கூட்டமாக வரும். அப்போது ஆண் மீன் வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து உறுமும். கிழவர் இதைச் சொன்னபோது நான் அவருக்கு நம்மட மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைச் சொன்னேன். பூரணை இரவில் அப்பா என்னைக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியை என் காதில் வைத்தது; முந்தி ஒரு அமெரிக்கக் குருவானவர் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து இலங்கை வானொலியில் போட்டது; எல்லாம் சொன்னேன். கிழவர் எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தார். அவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

விளையாட்டு. இங்கே கிழவரோடு விளையாடுவது 'மொல்லே'. சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் கீறின பலகை. ஆளுக்கு ஒன்பது காய். மூன்று காயை ஒரே கோட்டில் வைத்துவிட்டால் மற்றவரின் ஒரு காயைத் தூக்கலாம். பழைய காலத்து ஆட்டம், இந்த நாட்டில் கடலோடிகள் கப்பலில் திரிந்த காலத்திலேயே விளையாடினார்களாம். பலகையும் கோப்பிப் போத்தலும் கொண்டு வருவார், நான் தோற்றால் மாத்திரம் சிரிப்பார். அவர் தடிமன் என்று வராமல் விட்ட ஞாயிறு நான் பலகை இல்லாமலே பேப்பரில் கோடு கீறி இரண்டு பக்கமும் நானே விளையாடினேன். நேரம் போனதே தெரியவில்லை.

ஆனால் பிடித்த விளையாட்டு என்று கேட்டால் போர்த்தேங்காய்தான் மகள். நீங்கள் அதை ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டீர்கள். தேங்காயால் தேங்காயை அடிக்கிறது இரண்டாவது வேலை. தேங்காயைத் தெரிவதுதான் வேலை. சித்தப்பா ஒவ்வொன்றாகக் காதடியில் வைத்து நகத்தால் சுண்டுவார். சிரட்டை மெல்லியது என்றால் குரல் அகலமாக வரும், தடித்தது என்றால் சின்னதாக, இறுகி வரும். அப்படி இறுகின குரல் உள்ளதை எடுத்து, குடுமியை வழித்து, சாக்குக்குள் ஒளித்து வைப்பார். எதிராளியின் தேங்காய் வெடித்து இளநீர் சிதறும்போது ஊர் போடுகிற கூச்சல் இருக்கிறதே! வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் பார்த்த கொம்புமுறியும் அப்படித்தான். வடசேரிக்காரர் ஒரு பக்கம், தென்சேரிக்காரர் ஒரு பக்கம், கொம்பைப் பிணைத்துக் கயிறு போட்டு இழுப்பார்கள். முறிகிற அந்த ஒரு சத்தத்துக்காக ஊர் முழுக்க மூச்சுப் பிடித்து நிற்கும். இந்த விளையாட்டுகளை விட்டுவிடக் கூடாது மகள். கண்ணகி அம்மன் சடங்கோடு வந்தவை, மழை வேண்டி, நோய் தீர வேண்டி ஆடினவை. உங்கட பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வி, எந்த நாட்டுக்குப் போவேன் என்பது. இங்கே எல்லாரும் வெயிலுக்குப் போகத்தான் கனவு காண்கிறார்கள். லித்துவேனியாப் பொடியன் கனேரித் தீவின் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறான். எனக்கு வேறு நாடு ஒன்றும் வேண்டாம். மண்டூரிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்க வேண்டும். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை மலையடியில் போய்க் கும்பிட்டுவிட்டு, மறுகா காட்டுவழி. குமுக்கன் ஆற்றில் குளித்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி, பேர் தெரியாத ஆளையும் 'சாமி' என்று கூப்பிட்டு, அரோகராச் சத்தத்தோடு போய் மாணிக்க கங்கையில் இறங்க வேண்டும். பஸ்ஸில் போய் வருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா நேர்ந்தது நடையாக வருவதாக. சண்டைக் காலத்தில் காட்டுப் பாதை மூடிக் கிடந்தது, பாதை திறந்தபோது அவருடைய கால் விட்டுவிட்டது. அந்த நேர்த்தி அப்படியே நிற்கிறது அம்மா. அதை நான்தான் தீர்க்க வேண்டும்.

நித்திரையிலும் நான் வீட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் குருமண்வெளித் துறை வரைக்கும்தான். ஆட்களை வாவி கடத்துகிற பாதைத் தோணி அக்கரையில் நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் ஏறுகின்றன, ஆட்கள் ஏறுகிறார்கள், நீங்கள் அங்கே குடை பிடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. நான் கூப்பிடுகிறேன், உங்களுக்குக் கேட்கவில்லை. எழும்பினால் நெஞ்சு அடைத்துக் கிடக்கும். அம்மா, எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் கையால் பிட்டும் இறால் சொதியும் தின்ன வேண்டும். ஆடிக்கு வரப் பார்க்கிறேன். இந்த ஆடி இல்லாவிட்டால் அடுத்த ஆடி.

சரி, வீட்டு விசயம். சின்னவளுக்கு அக்கா எழுதிய வெல்லாவெளிச் சம்பந்தம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை தாய்வழியில் என்ன குடி என்று பெரியப்பாவிடம் கேட்டீர்களா? ஒரே குடியென்றால் பேச்சை வளர்க்க வேண்டாம், பிறகு இரண்டு பக்கமும் மனத்தாங்கல். குடி பொருந்தினால் சின்னவளிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். அவ வாய் திறக்காத பிள்ளை, அக்கா கேட்டால் சொல்லுவா.

வீடும் வளவும் சின்னவளுக்குத்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. லின்டல் மட்டத்தில் நிற்கிற வீட்டைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொன்னால், கூரை வைகாசிக்குள் ஏறும் என்று சொல்லுங்கள். இந்த மாதம் வழமையைவிடக் கொஞ்சம் குறைவாக அனுப்புகிறேன், சீமெந்துக்கும் மேசன் கூலிக்கும் அது போதும். மீன் காலம் இப்போதுதான் தொடங்குகிறது, மேலதிக நேரம் நிறைய வரும். ஓட்டுக்கு உரியதைச் சித்திரை வருசத்துக்கு முன்னம் போடுகிறேன். அதற்கிடையில் ஒருவரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம். உங்கள் காப்பை அடகு வைக்கவும் வேண்டாம். அத்தான் கேட்டாலும் வேண்டாம்.

வயல் வெட்டத் தொடங்கியிருப்பீர்கள். மெசின்காரனுக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். களத்தடியில் வந்து நிற்கிற வியாபாரிக்கு ஈர நெல்லைக் கொடுத்துவிடாமல், ஒரு கிழமை காய வைத்துக் கொடுத்தால் விலை ஏறும். சாப்பாட்டு நெல்லில் கை வைக்க வேண்டாம். யானை வருகிற காலம், அத்தானை இரவில் தனியாகக் காவலுக்கு விடாதீர்கள்.

உங்கள் கண்ணுக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தந்த திகதியைத் தள்ளிப்போட்டதாக மருமகள் எழுதியிருக்கிறா. வயல் வேலை முடியட்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம். வயல் வேலைக்கு ஆள் பிடிக்கலாம். அக்கா உடனே போய் வேறு திகதி எடுக்கட்டும், களுதாவளை மாமி வீட்டில் முந்தின நாள் தங்கினால் காலையில் பஸ் ஏறுவது சுகம். எடுத்த திகதியை அன்றைக்கே எனக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.