தோல் அச்சு வேலையில் கரைக்கு முதலிலேயே இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தோல் கைவினை பற்றி வெளிவந்த கட்டுரை, இடுப்புவார், பணப்பை போன்றவற்றில் பாய் முடைந்தாற்போன்ற வடிவத்தை உலோக அச்சுகளால் தட்டிப் பதிக்கும் முறையைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், வடிவம் முழுவதையும் அடித்து முடித்த பிறகு சுற்றிலும் கரை அச்சை (ஓர அலங்கார வரிசைக்கான அச்சு) பதித்துப் பிசிறுகளை மறைத்துவிடலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பது புதிதாகக் கற்போரைக் குழப்பும். இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருபவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கரையை அடிப்பது கடைசியில்தான் என்றாலும், அதற்கான இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். தோலை நனைத்துப் பதமானதும், விளிம்பிலிருந்து சீரான தொலைவில் கவராயத்தால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். தைக்க வேண்டிய பொருளானால், ஊசித் துளைகளுக்கான இடத்தை வெளிப்புறம் விட்டே அந்தக் கோடு அமைய வேண்டும். இதை மறந்து, அடித்த கரையின் மேலேயே தையல் ஓடும் பைகளைக் கண்காட்சிகளில் இன்றும் பார்க்கிறோம். கோட்டைச் சுழல் கத்தியால் (விரல்களுக்கிடையே திருப்பிக் கீறும் கத்தி), தோலின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கீறி, அதன் உட்புறத்தைச் சரிவு அச்சால் (முகம் சரிவாக அமைந்த அச்சு) அமுக்கிவிட்டால், வெளியே உள்ள வெற்றுப் பட்டை சற்று மேடாகச் சட்டம்போல் நிற்கும். சிறிய பணப்பைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து; அதற்கு மேல் ஓர் அச்சு வரிசையும் வைத்தால் பார்வைக்கு நெரிசலாக இருக்கும்.

அச்சு வரிசையும் வேண்டுமென்றால், வடிவமும் கோடும் சந்திக்கும் இடத்தில்தான் கை நிதானம் தேவைப்படுகிறது. பின்னல் வடிவம் பெரும்பாலும் சாய்வாக ஓடுவதால், கோட்டருகே முழு அச்சு விழ இடமிருக்காது. அங்கே அச்சின் தண்டை உட்புறமாகச் சாய்த்து மெல்லத் தட்டினால், உட்பாதி மட்டும் அழுத்தமாகப் பதிய, வெளிப்பாதி கோட்டைத் தொடுமுன்பே மங்கிவிடும். கரை அச்சு மூட வேண்டியது இந்த மங்கிய முனைகளை மட்டுமே. முழு அச்சும் கோட்டைத் தாண்டி வெற்றுப் பட்டையில் விழுந்துவிட்டால் அதை எந்தக் கரையாலும் மறைக்க இயலாது. இறுதியில் பூசும் அடர்நிறச் சாயப்பசை பள்ளங்களில் தங்கிக் கறுக்கும்போது, அதுவரை கண்ணுக்குப் படாத பிழையும் எடுப்பாகத் தெரியும்.

கரைக்கான பிறை வடிவ அச்சை ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக அடித்துக்கொண்டே போனால், மறு மூலையில் அரை அச்சுக்கு மட்டுமே இடம் மிஞ்சுவது வழக்கம். முதலில் நான்கு மூலைகளையும் அடித்துவிட்டு, இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கி வந்தால், கடைசி நான்கைந்து அச்சுகளின் இடைவெளியைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கணக்கைச் சரிசெய்துவிடலாம்.

கட்டுரை தொடாத மற்றொன்று ஈரம். நடுவில் தொடங்கிய வேலை கரைக்கு வருவதற்குள் நம் கோடைக் காற்றில் தோல் உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த தோலில் கொட்டாப்புளியால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பதிவு வெளிறியே இருக்கும். சரியான ஈரத்தில் கிடைக்கும் கரும்பழுப்பு வராது. ஓரத்தை மட்டும் மீண்டும் நனைத்தால் நீர்க்கறை படியும். எனவே வேலை நடக்காத பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பதும், மீண்டும் நனைக்க நேர்ந்தால் முழுப் பரப்பையும் ஒரே சீராக நனைப்பதும் அவசியம்.

இவை யாவும் தாவரப் பட்டைகளால் பதனிட்ட தோலுக்கே பொருந்தும். குரோம் உப்பால் பதனிட்ட தோலில் அச்சு சரியாக நிற்காது. புவிசார் குறியீடு பெற்ற நம் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் தாவர முறையில் பதனிடப்படுவதுதான். ஆயினும் அதில் ஆட்டுத்தோல் மெல்லியது என்பதால், கத்தியால் கீறாமல், மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்த கோட்டையே கரையாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 3 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல் கிடைத்தால் மேற்சொன்ன முறை முழுவதையும் தயங்காமல் செய்யலாம்.

இத்தொடரின் அடுத்த பகுதியில், மூலையில் கரை திரும்பும் இடத்தை அருகிலிருந்து எடுத்த படங்களுடன் வெளியிட்டால் கற்போருக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தோல் கைவினைப் பயிற்றுநர் ஒருவர்,
திண்டுக்கல்.