பொன்னாடைக்கு முன்னால் அந்தக் குழிகளைக் காப்பாற்றுங்கள்

திருவான்மியூரில் நம் தெருக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் படித்தேன். தெருவின் இரண்டு ஓரமும் பேவர் பிளாக் பதிக்கப் போகிறோம், பழைய மழைநீர் சேகரிப்புக் குழிகளை மூடிவிடுவோம் என்று அதில் இருக்கிறது. அதே தாளில் கீழே, மூத்த குடிமக்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்றும் இருக்கிறது. முதல் பெயர் என் பக்கத்து வீட்டு போஸ்ட்மேன் ஐயாவுடையது. அந்தக் குழிகளைத் தூர்ந்துபோகாமல் இத்தனை வருஷமாகக் காத்து வருபவரே அவர்தான். சங்கத்தில் பலருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். அவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது நாம் எல்லாருமே குழி தோண்டினோம். கூழாங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கினோம். அப்புறம் மறந்துவிட்டோம். மேல் மணலில் சருகும் தூசியும் படிந்து இறுகிவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 900 லிட்டர். குழி அடைத்துக்கொண்டால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும்.

ஐயா மறக்கவில்லை. புரட்டாசி பிறந்ததும் கொத்தும் இரும்புச் சட்டியுமாக இறங்கிவிடுவார். மேல் மணலை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி, பக்கெட்டில் போட்டு, அரிசி களைவது போல நாலைந்து தண்ணீர் விட்டு அலசுவார். கலங்கல் தெளியும்வரை விடமாட்டார். அந்தக் கலங்கல் தண்ணீரையும் வீணாக்காமல் முனையில் இருக்கும் வேப்பமரத்துக்கு ஊற்றுவார். ஒரு நாளைக்கு ஒரு குழிதான் முடியும். தெருவில் மொத்தம் பதினான்கு.

முதல் மழை அன்று அவரைப் பார்க்க வேண்டும். மாடி அழுக்கெல்லாம் அந்தத் தண்ணீரோடு வரும், அதைக் கிணற்றுக்கு விடக்கூடாது. குடையைப் பிடித்துக்கொண்டு, அனுமதித்த ஒவ்வொரு வீட்டிலும் வால்வை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் வந்து உள்பக்கம் திருப்புவார். ஒரு காலத்தில் கடிதம் கொடுத்த அதே வாசல்கள்தான்.

அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கயிறு தொங்கும். அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். மாசம் ஒரு தடவை இறக்கி, நனைந்த முடிச்சுகளை எண்ணி நோட்டில் எழுதுவார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தது. அந்த ஜூனில் அவர் நோட்டில் இருப்பது நாலு முடிச்சு. நம்மில் எத்தனை பேர் அந்தக் கிணற்றில் இறைத்தோம்! கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. நல்ல தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் கடல்நீர் நிலத்துக்குள் ஏறாது. நம் மணல் பூமிக்கு இது உயிர்நாடி.

போன வருஷத்திலிருந்து அவருக்கு முட்டி மடக்க முடியவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் மகனுக்குச் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். ஆறு குழிதான் முடிந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். பேவர் பிளாக் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழி இருக்கும் இடத்தில் ஓட்டை போட்ட ஸ்லாப் வையுங்கள், மண் கொட்டி மூடாதீர்கள். பராமரிப்புப் பணத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் இரண்டு ஆள் கூலியை இதற்கென்று ஒதுக்குங்கள். கான்ட்ராக்டர் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஐயாவோடு ஒரு தடவை தெருவை நடந்து பார்க்கட்டும். எந்தக் குழி எங்கே இருக்கிறது, எது யாருடைய காருக்கு அடியில் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "சால்வை எல்லாம் எதுக்கும்மா, குழியை மூடாம இருந்தா போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வருகிறேன். சங்க அறை மாடியில் இருக்கிறது, அவரால் படி ஏற முடியாது. கூட்டத்தைக் கீழே பிள்ளையார் கோயில் வாசலில் வையுங்கள். நாற்காலி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஐயாவின் பக்கத்து வீட்டுப் பெண்