பெரியப்பா செய்த குற்றம் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரைப் பற்றித் தங்கள் இதழ் சென்ற வாரம் வெளியிட்ட கட்டுரையில், ‘1870இல் பாரிஸை முற்றுகையிட்ட பிரஷ்யத் தளபதி ஹெல்முட் ஃபான் மோல்ட்கே, 1914இல் மார்ன் ஆற்றங்கரையில் நிலைகுலைந்து பதவி இழந்தார்’ என்றொரு வாக்கியம் இருக்கிறது. 1800ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பார்ச்சிம் என்ற சிற்றூரில் பிறந்த அந்த மனிதருக்கு மார்ன் போரின்போது 113 வயது நிறைந்திருக்கும். 1891 ஏப்ரல் 24 அன்று பெர்லினில் காலமாகி 23 ஆண்டுகள் அமைதியாகக் கிடந்தவரைத் தங்கள் கட்டுரையாளர் எழுப்பி, சீருடை அணிவித்து, பிரான்சுக்கு அனுப்பி, தோற்கவும் வைத்துவிட்டார். மார்னில் பதவி இழந்தவர் அதே பெயர் கொண்ட அவருடைய தம்பி மகன், இளைய மோல்ட்கே. அந்த வாக்கியத்தின் அருகிலேயே மழித்த முகமும் சுருங்கிய கன்னங்களுமாக மூத்தவரின் படத்தைப் போட்டு, அதன் கீழே ‘1914’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

அச்சுப்பிழையென்றால் பொறுத்திருப்பேன். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பொறுப்பில் இருந்த இளைஞர் அலுப்போடு, ‘மாமாவோ மருமகனோ, ரெண்டு பேரும் மோல்ட்கேதானே சார்’ என்றார். அந்த ஒரு சொற்றொடருக்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். முதலாவதாக, அவர் மாமா அல்லர். இளையவரின் தந்தை அடால்ஃப், மூத்தவருக்குத் தம்பி. ஆகவே மூத்தவர் இளையவருக்குப் பெரியப்பா. ஆங்கிலத்தில் எல்லோரும் ‘அங்கிள்’ என்பதால் தமிழிலும் எல்லோரும் மாமாவாகிவிட வேண்டுமென்று சட்டமில்லை. இரண்டாவதாக, ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று கொள்ளும் வழக்கத்தால் நானே அடிபட்டவன். எனக்கு என் தாத்தாவின் பெயர். அவர் வாங்கிய கடனுக்கு, அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, ஓர் அலுவலகம் எனக்கு நோட்டீஸ் அனுப்பியது. நான் அவரில்லை என்று மெய்ப்பிக்க நான்கு முறை அலைந்தேன். மோல்ட்கேயால் அப்படி அலைய முடியாது.

தாங்கள் அறியாததல்ல, மூத்த மோல்ட்கேயின் வாழ்க்கை முற்றுகையும் பீரங்கியும் மட்டுமன்று. வறுமைப்பட்ட குடும்பத்திலிருந்து சிறுவயதிலேயே கோபன்ஹேகனின் படைப்பள்ளிக்கு அனுப்பப்பட்டு, டென்மார்க் படையில் அதிகாரியாகி, 1822இல் பிரஷ்யப் படைக்கு மாறியவர் அவர். குதிரை வாங்கப் பணமில்லாமல், ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றை ஜெர்மனுக்குப் பெயர்த்துத் தர 75 பவுண்டுக்கு 1832இல் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டில் ஒன்பது தொகுதிகளைப் பதினெட்டு மாதங்களில் முடித்தும் பதிப்பாளர் நூலை வெளியிடவில்லை, கைக்கு வந்தது 25 பவுண்டுதான். ஒரு பதிப்பகத்துக்கு இருநூறு பக்கம் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு இன்றுவரை பதிலுக்குக் காத்திருக்கும் எனக்கு, இந்த மாபெரும் தளபதியின் வாழ்வில் மிக நெருக்கமான பகுதி இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தோல்வியும் அவருக்குப் புதிதன்று. தங்கள் கட்டுரையாளர் கடன் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்முதின் படைக்கு ஆலோசகராக இருந்தபோது, 1839 ஜூன் 24 அன்று நிசிப் என்ற ஊரில் எகிப்தியப் படையை எதிர்கொள்ளுமுன், அரண் செய்த பழைய நிலைக்குத் திரும்புமாறு துருக்கித் தளபதி ஹஃபிஸ் பாஷாவிடம் அவர் சொல்லிப் பார்த்தார். பாஷா கேட்கவில்லை. மோல்ட்கே ஆலோசகர் பொறுப்பை விட்டு விலகி, பீரங்கிகளை மட்டும் கவனித்துக்கொண்டார், படை சிதறியது. சொன்னதைக் கேட்காத பாஷாக்கள் எல்லாக் காலத்திலும் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்.

1857இல் படைத்தலைமைப் பணியகத்தின் பொறுப்புக்கு வந்த பின்னும் அவரைப் பலருக்குத் தெரியாது. ஆஸ்திரியாவுடனான 1866 போரில், ஐந்து ரயில் தடங்களில் படைகளைத் தனித்தனியே கொண்டுபோய், ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸ் களத்தில் ஒன்றுசேர வைத்தது அவர் வகுத்த திட்டம். அன்று அவருடைய கட்டளையைக் கையில் வாங்கிய தளபதி ஒருவர், ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தங்கள் அலுவலகத்தில் அதே கேள்வி நிலுவையில் இருக்கிறது. 1870 செப்டம்பரில் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டதைச் சொல்லி இதை நீட்ட விரும்பவில்லை.

இது முதல் முறையும் அன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், நிர்வாகவியல் பகுதியில், ‘எதிரியைச் சந்தித்தால் எந்தத் திட்டமும் பிழைக்காது – மோல்ட்கே’ என்று கட்டம் கட்டிப் போட்டீர்கள். அவர் 1871இல் எழுதியது, எதிரியின் முதன்மைப் படையோடு நேரும் முதல் மோதலுக்கு அப்பால் எந்தப் போர்த் திட்டமும் ஓரளவு உறுதியோடு நீளாது என்பதாகும். ரயில் நேர அட்டவணையை மணிக்கணக்கில் தீட்டிய மனிதரைத் திட்டமே வேண்டாமென்று சொன்னவராக மாற்றியதைக் கண்டித்து மூன்று பக்கம் எழுதினேன். அதில் நான்கு வரிகளை வெளியிட்டீர்கள். அந்த நான்கும் நான் தங்கள் இதழைப் பாராட்டியிருந்த வரிகள்.

அவரைப் புனிதராக்குவதும் என் நோக்கமன்று. நிலையான அமைதி ஒரு கனவு, அதுவும் அழகான கனவுகூட அன்று என்று 1880இல் கடிதம் எழுதியவர் அவர். 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்த நான் அதை ஒருநாளும் மாணவர்களிடம் மறைத்ததில்லை. ஆனால் அதே மனிதர் 1890 மே 14 அன்று, எண்பத்தொன்பது வயதில், ஜெர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அடுத்த போர் ஏழாண்டுப் போராகவும் முப்பதாண்டுப் போராகவும் ஆகலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடுதான் என்று எச்சரித்தார். அந்தத் தீ 1914இல் பற்றியபோது ஜெர்மன் படையை நடத்தியவர் அவருடைய தம்பி மகன். எச்சரித்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான் என்னால் தாங்க முடியாதது. எடிசனின் ஆள் 1889இல் மெழுகு உருளையில் பதிவு செய்த அவருடைய குரல் 2012இல் அடையாளம் காணப்பட்டது. அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்தவரின் நடுங்கும் முதிய குரல் அது. தங்கள் திருத்தத்துக்காக அவர் வாய் திறக்கப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரிகள் போதும்: மார்ன் போரில் தோற்றவர் 1848இல் பிறந்து 1916இல் இறந்த இளைய மோல்ட்கே, வெளியான படம் அவருடைய பெரியப்பாவுடையது. ‘மாமா’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.