உணவு வங்கியின் வாசலில் தயங்கி நிற்கும் நம்மவர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் வியாழக்கிழமைதோறும் இயங்கும் உணவு வங்கியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் தொண்டராக இருந்து வருகிறேன். சென்ற மாரிகாலத்தில் இரண்டு பிள்ளைகளுடன் உள்ளே வந்த தமிழ்த் தாய் ஒருவர், மேசைக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டதும், உணவு பெறுவதற்காகக் கையில் வைத்திருந்த பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அந்த இடத்தில் வேறு இனத்தவர் ஒருவர் நின்றிருந்தால் அவர் அன்று உணவோடு வீடு போயிருப்பார் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

உணவு வங்கி என்றால் என்ன, அதற்கு யார் வரலாம் என்பது நம்மவர் பலருக்குச் சரியாகத் தெரியாது. பொதுமக்கள் கொடுக்கும் உணவைச் சேர்த்து, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இலவசமாக வழங்கும் இடம் அது. சாலிஸ்பரி நகரில் 2000ஆம் ஆண்டில் ஒரு வீட்டுத் தோட்டக் கொட்டிலில் சிறிதாகத் தொடங்கிய முயற்சியே இன்று ட்ரசல் என்ற பெயரில் பிரித்தானியா முழுவதும் பரந்திருக்கிறது. அதன் கீழுள்ள உணவு வங்கிகள் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஏறத்தாழ 29 இலட்சம் உணவுப் பொதிகளை வழங்கின. அவற்றில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவை சிறுவர்களுக்கானவை. வருபவர்கள் சோம்பேறிகள் அல்லர். குறைந்த வருமானம் உள்ளோருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தவர் முதற்பணம் கைக்கு வர ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து வாரத்துக்குள் வாடகையும் வரும், மின்கட்டணமும் வரும், பிள்ளைகளுக்குப் பசியும் வரும். வேலையில் இருப்பவர்களும் வருகிறார்கள்; மணித்தியாலங்கள் குறைக்கப்பட்ட மாதத்தில் அவர்களுக்கும் வேறு வழியில்லை.

குடும்பத்தின் நிலைமையை அறிந்த வைத்தியரோ, பாடசாலையோ, சமூகப் பணியாளரோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற ஆலோசனை நிலையமோ பற்றுச்சீட்டைக் கொடுத்தால், அதைக் கொண்டுவருபவருக்கு மூன்று நாளுக்குரிய உணவு கிடைக்கும். அரிசி, பாஸ்தா, பருப்பு வகை, ரின்மீன், ரின்னில் அடைத்த தக்காளி, தேயிலை என்று குடும்பத்தின் அளவுக்கேற்ப நாங்கள் எடுத்து அடுக்கிக் கொடுப்போம். வந்து சேரும் ஒவ்வொரு பையும் நிறுக்கப்படும்; பிறகு ஒவ்வொரு ரின்னின் திகதியையும் பார்த்து, மாதவாரியாகப் பெட்டிகளில் பிரித்து, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் திகதி எழுதி வைக்க வேண்டும். வெந்நீர் கொதிக்க வைப்பதற்குக் கேத்தல் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லாத அறைகளில் வாழ்பவர்களுக்கென்று, வெந்நீர் ஊற்றினால் உண்ணக்கூடியவற்றை மட்டும் சேர்த்துத் தனிப் பொதியும் கட்டுகிறோம். அந்தப் பொதியை முதன்முறை கட்டிய நாளில், செல்வம் மிகுந்த இந்த நகரைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறிப்போனது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பராமரிப்புப் பணி விசாவிலும் மாணவர் விசாவிலும் அண்மை ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்களில் பலர், அரச உதவி பெற்றால் விசாவுக்குப் பங்கம் வந்துவிடும் என்ற அச்சத்தால் உணவு வங்கிப் பக்கமே வருவதில்லை. அரச பொதுநிதியைப் பெறக்கூடாது என்ற நிபந்தனை அவர்களுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் உணவு வங்கி தரும் பொதி அந்தப் பொதுநிதிக்குள் அடங்காது. பொதுமக்கள் கொடுத்த உணவு அது. இதை அறியாமல் பட்டினி கிடப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடாது.

நம்முடைய கோயில்களும் சங்கங்களும் கொடுக்காதவை அல்ல. கோயில் அன்னதானத்தில் எவரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அந்தப் பண்பாட்டை நான் பெருமையோடு நினைக்கிறேன். தைப்பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் எங்கள் மண்டபத்துக்கு வந்து இறங்குகின்றன. ஆனால் ஓகஸ்ட் மாதத்தில், பாடசாலை மூடி, பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றுபோகும் வாரங்களில், எங்கள் களஞ்சியத்தின் அலுமாரித் தட்டுகள் காலியாகத் தொடங்குகின்றன. தொண்டர்களும் விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள். பண்டிகை நாளில் ஐம்பது பேர் வந்து படமெடுத்துப் போவதைவிட, ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் தவறாமல் வரும் மூன்று பேரால் ஓர் உணவு வங்கிக்கு அதிகப் பயன் உண்டு. பாரந்தூக்க இளையவர் வேண்டும், வாகனம் ஓட்ட ஒருவர் வேண்டும், வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அருகில் இருந்து பேசப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

அத்தோடு, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் முதியோர் அமைப்புகளும் தத்தம் பகுதி உணவு வங்கியோடு பேசி, பற்றுச்சீட்டு வழங்கும் நிறுவனங்களாகத் தம்மைப் பதிவுசெய்ய முயல வேண்டும். ஆங்கிலத்தில் தம் கஷ்டத்தை விளக்கத் தெரியாத ஒரு பாட்டியோ, கணவரைப் பிரிந்த இளந்தாயோ, வைத்தியரிடம் சொல்லத் தயங்குவதைத் தமிழாசிரியை ஒருவரிடம் சொல்லக்கூடும். பிள்ளையின் காலைச் சாப்பாடு குறைந்துவிட்டதை முதலில் கவனிப்பவரும் அந்த ஆசிரியையாகத்தான் இருப்பார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோருடன் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஒரு பாடசாலை மண்டபத்தில், முன்பின் அறியாத இளைஞர்கள் கிடாரத்தில் காய்ச்சிய கஞ்சியை என் அம்மா சேலைத்தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டே வாங்கினார். அதற்கு முன் அவர் எவரிடமும் கைநீட்டியதில்லை. ஆகவே, திரும்பிப் போன அந்தத் தாயின் மீது எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஊருக்குள் கதை பரவும் என்ற அவருடைய பயத்துக்குக் காரணம் நாம்தான். பிறர் வீட்டு வறுமையைப் பேசுபொருளாக்கும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

அந்த வாரத்திற்குப் பிறகு, பொறுப்பாளரிடம் கேட்டு, உணவு வழங்கும் நேரத்தில் பின்னறைக் களஞ்சியத்துக்கு மாறிக்கொண்டேன். மொழிபெயர்க்க வேண்டும் என்று வந்தவரே விரும்பிக் கேட்டால் மட்டும் முன்னே வருகிறேன். நேரில் வரத் தயங்குபவருக்காக அவருடைய பற்றுச்சீட்டோடு வேறொருவர் வந்து பொதியை வாங்கிச் செல்லவும் எங்கள் உணவு வங்கி இடமளிக்கிறது. மற்ற இடங்களிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக வரும் தொண்டருக்கு நாங்கள் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது, மண்டபத்தில் கண்ட எவருடைய பெயரையும் வெளியே சொல்லக்கூடாது என்பதைத்தான்; பெட்டி அடுக்குவதை அதற்குப் பிறகே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மேற்கு லண்டன்