இழப்பீட்டுக்குப் பழைய வீடு, காப்பீட்டுத் தொகைக்குப் புது வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வந்த வீட்டுக் காப்பீட்டுக் கட்டுரையில், 'விழிப்புணர்வு இல்லாததால்தான் மக்கள் வீட்டைக் காப்பீடு செய்வதில்லை' என்று ஒரு வரி. படித்ததும் மனம் கசந்துவிட்டது. விழிப்புணர்வோடு போய் நின்றவனைத்தான் ஐயா அலைக்கழிக்கிறார்கள்.

2018 கஜா புயலில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொன்னார்கள். முற்றத்தையும் தேக்குத் தூண்களையும் விட மனம் வராமல், ஓய்வூதியப் பணத்தைப் போட்டுப் புதுப்பித்தேன். உளுத்த மரச் சட்டங்களை மாற்றி, புது ஓடு வேய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தேன். மின்கசிவு என்றால் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். இவ்வளவும் செய்த பிறகு காப்பீட்டுக்குப் போனால், "வீடு கட்டி எழுபது வருஷமாச்சே" என்று பிரீமியத்தைக் கூட்டினார்கள். காப்பீட்டுத் தொகைக்கு மட்டும் நான் புதுப்பித்த செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நாளைக்குச் சேதமென்றால் பழைய வீடென்று தேய்மானம் கழிப்பார்களாம். இது என்ன நியாயம்?

2021 ஏப்ரல் முதல் வீடு, வாகனம் போன்றவற்றைக் காப்பீடு செய்யும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியைத் தர வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டின் மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு செய்திருந்தாலும் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை வெட்டக் கூடாது என்பது அதன் நிபந்தனை. நான் போன அலுவலகத்தில் அந்தப் பெயரையே யாரும் சொல்லவில்லை. நானாகக் கேட்டதும், பொறியாளர் சான்று, மதிப்பீட்டாளர் சான்று என்று அடுக்கினார்கள். அதற்கெல்லாம் கட்டணம் வேறு.

ஆயுள், மருத்துவக் காப்பீட்டில் தனிநபர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. தாங்களும் தலையங்கம் எழுதிப் பாராட்டினீர்கள். வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா? 2022-இல் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். புதுப்பித்த வீடென்று எங்களுக்கு மறு அளவீடும் நடந்தது. அப்போது நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் வெளியிடவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பழைய ஓட்டு வீட்டுக்கு இந்தப் பாலிசி கிடைக்குமா, என்ன சான்று கேட்பார்கள் என்று நிறுவனங்களிடம் விசாரித்து, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அந்த 'விழிப்புணர்வு' வரியையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருத்துறைப்பூண்டி