அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வீட்டு பிளானைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். மாடி அறைகள், படிக்கட்டு, அம்மாவின் முழங்காலை நினைத்து நீ கீழேயே போட்டிருக்கும் குளியலறை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. மேற்குப் பக்கம் புதுச் சுவரை எல்லைக் கோட்டின் மேலேயே இழுத்திருக்கிறார் எஞ்சினியர். பாலக்கோட்டில் எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று சொல்லியிருப்பார். கட்டுகிறார்கள்தான். அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தை நாளைக்கு யார், எங்கே நின்று பூசுவது என்று எந்த பிளானிலும் இருப்பதில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இப்போது இருக்கும் மேற்குச் சுவரையே எடுத்துக்கொள். தாத்தா கட்டியது. அதை ஒட்டிய சந்து பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுடையது. சுவரின் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் அவர் கேட்டைத் திறந்துதான் போக வேண்டும். மழையில் பூச்சு பொரிந்து கொட்டியதைச் சரிசெய்த அன்று நீ இங்கே இல்லை. சவுக்குக் கழியில் சாரம் கட்டுவதற்காகச் சித்தி தன் துணிக் கொடியை அவிழ்த்தார். கறிவேப்பிலை மரத்தின் மேல் சிமெண்டு தெறிக்காமல் இருக்க அவரே பழைய சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினார். கொத்தனார் கலவையை வீசி அடிக்க அடிக்க, பாதி சுவரில் ஒட்டியது, பாதி அவர்கள் நடைபாதையில் விழுந்தது. சித்தாள் கழுவிவிட்ட பிறகும் தரை வெளுத்துத்தான் கிடந்தது. சித்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்காரர்களுக்குக் காபியும் கொடுத்தார்.

அது அவர்கள் மனசு. சட்டப்படி அந்தச் சந்தில் நமக்கு ஒரு உரிமையும் கிடையாது. 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம், 15-ஆம் பிரிவு, 20 வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, சண்டையில்லாமல் அனுபவித்து வந்தால் வசதியுரிமை, அதாவது அடுத்தவர் இடத்தை நம் வீட்டுத் தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை, வரும் என்கிறது. ஆனால் அந்த அனுபவம் உரிமையோடு இருந்திருக்க வேண்டும். நாம் ஒவ்வொரு முறையும் "சித்தப்பா, ரெண்டு நாள் சாரம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் போயிருக்கிறோம். கேட்டுப் போனது அனுமதி. அனுமதி எத்தனை வருஷம் நீடித்தாலும் உரிமையாக மாறாது. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது 59-ஆம் பிரிவு. அனுமதி கொடுத்தவர் இடத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது.

விற்பார்களா என்று நீ கேட்பாய். சித்தப்பா விற்க மாட்டார். அவர் பையன் பெங்களூரிலேயே வீடு வாங்கிவிட்டான். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு நாற்கரச் சாலை வந்த பிறகு இங்கே மனை கேட்டு வருகிறவர்கள் அதிகம். நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் வாங்கி கேட்டைப் பூட்டினால், உன் வீட்டுச் சுவர் ஊறிப்போவதை நீ உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. ஒரு மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட ஒரு மணி நேர வேலை. பக்கத்து மனைக்காரர் ஏணி வைக்க விடவில்லை. வழக்கு முடிவதற்குள் அந்தப் பக்கச் சுவர் விரிசல் விட்டு, அறையைப் பூட்டி வைத்தார்கள்.

அதனால் முதலில் எல்லை எங்கே என்று தெரிய வேண்டும். நம் தாய்ப் பத்திரத்தில் "கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 62" என்று இருக்கிறது. ஜாதியடி என்பது நாம் சொல்லும் அடிதான். நத்தம் பட்டா வரைபடத்தில் அதே இடம் 9.1 மீட்டர், 18.9 மீட்டர். 30 அடி என்பது 9.144 மீட்டர். புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தோடு நிறுத்தியதில் ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கிறது. இந்த அங்குலத்துக்காகத்தான் ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். பத்திரத்தில் அளவும் செக்குபந்தியும், அதாவது நான்கு பக்கத்து எல்லை விவரமும், ஒத்துப்போகாவிட்டால் பொதுவாக நான்கெல்லைக்குத்தான் முதலிடம். அந்த எல்லையைத் தரையில் காட்டுவது சர்வேயர் வேலை. "நில அளவை செய்து அத்து (எல்லை) காட்ட" ஆன்லைனிலேயே மனு போட்டுப் பணம் கட்டினேன். பக்கத்து வீடுகளுக்கும் நோட்டீஸ் போனது. சித்தப்பாவிடம் நோட்டீஸ் போய்ச் சேர்வதற்கு முன்பே நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். தாசில்தார் ஆபீஸ் காகிதம் திடீரென்று வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

சர்வேயர் நேராக நம் சுவரிடம் வரவில்லை. தெருமுனைக் கல்லைத் தேடினார். தார் ரோடு மேல் ரோடு போட்டு அது உள்ளே போய்விட்டது. கடப்பாறையால் ஓரத்தைக் கிளறி, முக்கால் அடி ஆழத்தில் கல்லின் தலை தெரிந்ததும் துடைப்பத்தால் தட்டி, மேலே வெட்டியிருந்த குறியைக் காட்டினார். அங்கிருந்து அடுத்த கல்லுக்கு டேப் பிடித்து, வரைபடத்து அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் நம் மனைக்கு வந்தார். சித்தப்பா டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். சுவர் முழுக்க நம் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னல் மேலிருக்கும் சன்ஷேடு கோட்டைத் தாண்டி அவர் சந்துக்கு மேல் நிற்கிறது. மழைத் தண்ணீரும் அங்கேதான் சொட்டுகிறது.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவனிடம் நேரடியாக நிலத் தீர்வை பேசிய இடம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சீமைதான். ரயத்துவாரி முறை வளர்ந்த மண் இது. இருநூறு வருஷத்துக்கு முன்பே அளந்த ஊரில் இருந்துகொண்டு, நாம் கண்ணால் எல்லை போட்டுக் கட்டக் கூடாது.

இனி நீ செய்ய வேண்டியது. புது மேற்குச் சுவரை மூன்றடி உள்ளே தள்ளச் சொல். ஹால் சிறுத்துப்போகும் என்று மாப்பிள்ளை வருத்தப்படலாம். ஏணியை உன் மண்ணில் ஊன்றி உன் சுவருக்கு வெள்ளையடிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். அந்தப் பக்கம் சன்ஷேடே வேண்டாம், தண்ணீரைக் குழாயில் இறக்கி நம் தொட்டிக்குக் கொண்டுவா. பழைய சன்ஷேடையும் இந்த வேலையோடு வெட்டிவிடலாம்.

சமையலறையும் பின்கட்டும் பழைய சுவரோடு நிற்கப் போகின்றன. அதற்கு சித்தப்பாவிடம் ஒரு வசதியுரிமைப் பத்திரம் கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சந்தில் எந்த நீளம், எத்தனை அடி அகலம் என்று சர்வே வரைபடத்தோடு இருக்க வேண்டும். பூச்சு, பெயிண்ட், குழாய் வேலைக்கு மட்டும்தான், பகலில் மட்டும்தான், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். செலவு முழுக்க நம்முடையது, அவர்கள் தரையோ செடியோ பாழானால் நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஈஸ்மெண்ட் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள் சொல்வதும் இதைத்தான், ஆனாலும் பத்திரத்தில் எழுதிவிடு. அந்தப் பட்டையில் அவர்கள் செடி வைக்கலாம், துணி காயப்போடலாம், நிரந்தரக் கட்டடம் மட்டும் கூடாது. இரண்டு பக்கத்து வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்று இருக்க வேண்டும். பதிவான பிறகு வில்லங்கச் சான்றில் வரும், நாளைக்கு அந்த மனையை வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். சித்தப்பா வீட்டுத் தண்ணீர்க் குழாய் பின்னால் நம் இடத்தில் வருகிறது அல்லவா? அவர்களுக்கும் அதே மாதிரி உரிமையை இதே பத்திரத்தில் நாம் கொடுப்போம்.

அவர் பணம் வேண்டாம் என்பார். நீ கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பட்டையில் இனி அவர்கள் கட்ட முடியாது, விற்றால் விலையும் அந்த அளவு குறையும். சும்மா வாங்கிக்கொள்வது நியாயமில்லை. பையன் கையெழுத்தும் வேண்டும், அவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இவ்வளவு நல்ல மனுஷரிடம் போய்ப் பத்திரமா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். நல்ல மனுஷரிடம்தான் கேட்க முடியும் பாப்பா. சண்டை வந்த பிறகு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எஞ்சினியரையோ வக்கீலையோ அனுப்பாதே. நீயே வந்து சித்தி கையில் பூவும் பழமும் கொடுத்து, உட்கார்ந்து கேள். ஆடிப்பெருக்குக்கு அவர் பையன் வருகிறானாம். நீயும் லீவு போட முடியுமா என்று பார். வரைவை நான் எழுதி வைக்கிறேன், இரண்டு வீட்டாரும் படித்துப் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அதுவரை வானம் தோண்ட நாள் குறிக்காதே. திருத்திய பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அம்மா கேட்டதாகச் சொன்னாள். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா