வெந்நீர் விற்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் நம் கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வறுக்கிற நாளில் தெருமுனையிலேயே மூக்கு வழிகாட்டிவிடும். அப்பா காலத்தில் நோட்டில் கணக்கு எழுதி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வந்து, "பாட்டி வீட்டுக் கலவையில் கால் கிலோ" என்கிறார்கள். எந்த வீட்டுக்கு எத்தனை பங்கு கொட்டை, எத்தனை பங்கு சிக்கரி என்று எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட உங்களுக்குக் கடிதம் எழுதி விளக்கம் சொல்லும்படி ஆகிவிட்டதே என்பதுதான் சங்கடம்.

விஷயம் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். பத்து நாட்களாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கடையின் பெயர் அதில் இல்லை. ஆனால் "காப்பித்தூள் கடை, பச்சைக் கதவு, ஞாயிற்றுக்கிழமை டீ ருசி பார்க்கக் கூப்பிடுகிறார்கள்" என்று எழுதியபின் பெயர் எதற்கு? "ஜார்ஜியா டீ என்று சொல்லி 50 கிராமை 600 ரூபாய்க்கு விற்கிறார்கள். கலரே இறங்கவில்லை, வெறும் வெந்நீர். காப்பி வாசனை வேறு வருகிறது. ஊட்டித் தூளை டப்பா மாற்றி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்." இதை எனக்கே மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள். அதில் ஒருவர் என் மைத்துனர்.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அதிகம்தான். டப்பா மாற்றுகிறேன் என்பதற்கும் பதில் இருக்கிறது: இறக்குமதி செய்த கொச்சி வியாபாரி கொடுத்த பில்லின் நகலைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் "வெந்நீர்" என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதனால் கலர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தினமும் குடிப்பது சி.டி.சி. தூள். வாடவைத்த இலையைப் பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே விட்டு, நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் முறை அது. 1930களில் அஸ்ஸாமில் வந்தது. குருணையாகிவிட்டதால் வெந்நீர் பட்டதும் சாறு முழுவதும் ஒரே மூச்சில் இறங்கும். பாலை ஊற்றினாலும் நிறமும் துவர்ப்பும் அடங்காது. நம் டீக்கடைகளுக்கு அதுதான் சரி, அதை நான் குறை சொல்லவில்லை. நானே காலை ஐந்தரைக்கு அதைத்தான் குடிக்கிறேன். ஜார்ஜியாவிலிருந்து வருவதோ முழு இலை. வாடவைத்து, உருட்டி, காற்றுப் பட்டுக் கறுக்கவிட்டு, உலர்த்துகிறார்கள். கையில் எடுத்தால் தறியில் அறுந்து விழுந்த கறுப்பு நூல் துண்டுகளைப் போல இருக்கும். நொய்யைப் போட்டால் ஒரு கொதியில் குழையும், முழு அரிசியைப் போட்டால் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

செடியும் வேறு. அஸ்ஸாம் வகைக்கு இலை பெரிது, துவர்ப்புக் கொடுக்கும் சத்தும் அதிகம். ஜார்ஜியாவில் பெரும்பாலும் சீன வகையும் அதன் கலப்புகளும்தான். இலை சிறிது, பனியைத் தாங்கும். அதன் சாறு செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கியதும் வருமே, அந்தச் சிவப்பு. அதற்கு மேல் கறுக்காது. கறுத்தால்தான் நான் பயப்படுவேன்.

சாயம் கலந்த தூள் எது, கலக்காதது எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித்தரும் சோதனை இது. வடிதாளின் மேல் இலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விடுங்கள். பிறகு தாளைக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். சாயம் இருந்தால் தாளில் கறை நிற்கும். போன ஞாயிறு கடைக்கு வந்திருந்த எல்லோர் முன்னாலும் இதைச் செய்தேன். தாள் சுத்தமாக இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். (என் மனைவி, "அதையும் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள்" என்கிறாள். கேலிதான்.)

எந்த ஜார்ஜியா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாநிலம் அல்ல. கருங்கடலுக்குக் கிழக்குக் கரையில், காக்கசஸ் மலைக்குத் தெற்கே இருக்கும் நாடு. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 42 பாகை வடக்கு. நம் சேலம் 12 பாகைக்குள் அடங்கிவிடும். குளிர்காலத்தில் தேயிலைப் புதர்களின் மேலேயே பனி கொட்டிக் கிடக்கும். செடி உறங்கிவிடும். நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளலாம், அங்கே வசந்தம் வந்த பிறகுதான் கூடையைத் தோளில் மாட்ட முடியும். அந்தக் குளிர் பூச்சியையும் மட்டுப்படுத்துகிறது.

1893இல் லியு ஜுன்சோ என்ற சீனர் சில தொழிலாளர்களோடு பட்டூமி நகருக்குப் பக்கத்தில் வந்து இறங்கி, சக்வி என்ற இடத்தில் தோட்டம் போட்டுக் காட்டினார். பிறகு சோவியத் காலம். அந்தப் பரந்த நாட்டில் விளைந்த தேயிலையில் பெரும்பங்கு இந்தச் சிறிய ஜார்ஜியாவிலிருந்துதான் போனது. எடைதான் முக்கியம் என்று ஆனதும் இயந்திரம் வைத்து அறுத்தார்கள், முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து வந்தன, பெயர் கெட்டது. 1991இல் சோவியத் கலைந்ததும் வாங்க ஆள் இல்லாமல் போய், தோட்டங்களைப் பெரணியும் முட்புதரும் மூடிவிட்டன. இப்போது சில குடும்பங்கள் அந்தப் பழைய புதர்களைத் தேடி, சுற்றிலும் வெட்டித் துப்புரவாக்கி, கையால் கொழுந்து பறிக்கிறார்கள். நம்மிடம் இருப்பது குரியா என்ற பகுதியின் இலை.

ஏற்காட்டை வைத்துக்கொண்டு கருங்கடலுக்கு ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்காடு காப்பிக்கும் மிளகுக்கும் ஆரஞ்சுக்கும் பேர் போனது. நம் கடையின் கொட்டையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காப்பியை நட்டபோது, இந்தக் கசப்பை யார் குடிப்பார்கள் என்று நான்கு பேர் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அவரிடம் வாட்ஸ்அப் இல்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

இனி, ருசி. வீட்டில் சரியாக வரவில்லை என்றவர்களிடம் விசாரித்தால் பாதிப்பேர் பாலில் போட்டுக் கொதிக்கவைத்திருக்கிறார்கள். பாலில் இது காணாமல் போய்விடும். மீதிப்பேர் போர் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் எந்த டீயும் மந்தமாகும், மேலே மெல்லிய ஏடு படியும். மேட்டூர் தண்ணீர் எடுங்கள். மூன்று கிராம் இலைக்கு 150 மில்லி. தளதளவென்று கொதித்ததும் இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், மூடிவைத்து மூன்று நிமிடத்தில் வடியுங்கள். சர்க்கரை வேண்டாம். அதே இலையில் இன்னும் இரண்டு தடவை ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கூட்டி. ஆக 600 ரூபாயை எத்தனை தம்ளரால் வகுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குடிக்கும்போது சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் அம்மா திட்டுவார், கடையில் திட்ட மாட்டோம். காற்றோடு சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். முதல் வாயில் எனக்குத் தேன் தெரிந்தது. ஆறியபின் உலர்ந்த திராட்சையும், கடைசியில் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசமும் வந்தன. அரிசிப்பாளையத்து டீச்சரம்மா கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "நன்னாரி வேரை மோந்த மாதிரி இருக்கிறது" என்றார். அதன்பிறகு எனக்கும் நன்னாரிதான் தெரிகிறது, தேனைக் காணோம். ஒருவர் லீ பஜாரில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு நேரே வந்து, ஒன்றும் தெரியவில்லை என்றார். காரச் சட்னிக்குப் பிறகு அமிர்தம் கொடுத்தாலும் தெரியாது ஐயா.

காப்பி வாசனை பற்றி: புரட்டாசியில் வந்த சரக்கின் சில பொட்டலங்கள் வறுவல் அறைப் பக்க அலமாரியில் இருந்தன. இப்போது இடம் மாற்றியாகிவிட்டது. அவற்றை வாங்கியவர்கள் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலையை இந்தியாவுக்குக் கொண்டுவர அடிப்படைச் சுங்க வரியே நூறு சதவீதம். நூறு ரூபாய் இலைக்கு நூறு ரூபாய் வரி, இது போகக் கப்பல் கூலி, ஜி.எஸ்.டி., கொச்சி வியாபாரியின் லாபம், என் லாபம். காப்பிப் பக்கமும் நிம்மதி இல்லை. 2025 பிப்ரவரியில் அராபிகா கொட்டை உலகச் சந்தையில் அதுவரை காணாத விலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். அப்போதும் நான் உங்களைக் கேட்காமல் ஒரு பங்கு சிக்கரியைக் கூட்டவில்லை. அதை யாரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை. ஜார்ஜியா தேயிலைக்கும் விலையை ஏற்றவில்லை, அதே 600 ரூபாய்தான். பொட்டலம் மட்டும் இந்தச் சரக்கிலிருந்து 40 கிராம்.

தராசில் பதினோரு வருடம் நின்ற நம் தம்பி ஆனி மாதம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதும் உங்களுக்குத் தெரியும். நல்ல இடம், கூடுதல் சம்பளம், நான் தடுக்கவில்லை. இப்போது எடை போடுவதும் டீ ஊற்றுவதும் நான் ஒருவனே. இந்த மாதம் இரண்டு முறை கலவையை மாற்றிக் கட்டிக்கொடுத்துவிட்டேன். அம்மாப்பேட்டை அக்கா சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார், கோபிக்கவில்லை.

அவரைப் போன்றவர்களால்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. செய்தியைப் பார்த்ததும் மழையில் நனைந்துகொண்டு வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு பொட்டலம் வாங்கிப்போன வங்கி ஐயாவுக்கும், தன் குடியிருப்புக் குழுவில் எனக்காக வாதாடிய அந்தக் கல்லூரி மாணவிக்கும் என்ன கைம்மாறு செய்வேன்? உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தச் செய்தியை எழுதியவரும் நம் வாடிக்கையாளர்தான், எனக்குத் தெரியும். அவருடைய கலவை எழுபதுக்கு முப்பது. அது எப்போதும்போலத் தயாராக இருக்கும்.

ஞாயிறு ருசி பார்ப்பது தொடர்கிறது. காலை பதினொன்றுக்கு, இனி எட்டுப் பேருக்கு மட்டும். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். காசு இல்லை. கலர் இறங்கவில்லை என்பவர்கள் உங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். உங்கள் தண்ணீரில் ஒன்றும் என் தண்ணீரில் ஒன்றுமாகப் போட்டு, இரண்டு தம்ளரையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பச்சைக் கதவுக் கடைக்காரன்
செவ்வாய்ப்பேட்டை, சேலம்